நூலகரும் ஆராய்ச்சியும்

நாட்டின் முன்னேற்றத்திற்குக் கல்வி எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாதவை நூலகங்கள். பள்ளியையும் கல்லூரியையும் விட்டு வெளியே வந்த மனிதன் தன் அறிவைப் பெருக்கிக் கொள்வதற்குள்ள பெரிய வாயில் பொது நூலகமே. இவ்வாயிலைக் காத்து நிற்பவர் நூலகர். நூல்களை வாங்குதல், பகுத்து அடுக்குதல், பட்டியலிடுதல், வழங்குதல், திரும்பப் பெறுதல் ஆகியனவே அவருடைய பணிகள் என்று பொதுமக்கள் கருதுகிறார்கள். நிர்வாகிகளில் பலரும் அவ்வாறே கருதுகிறார்கள். நூலகர்களுள் சிலரும் அப்படி எண்ணத் தொடங்கிவிட்டதுதான் வருந்தத்தக்கது.

மருத்துவர் நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு நின்றுவிட்டால் மருத்துவத் துறை வளராது. தாம் கண்ட நோய்களைப் பற்றிக் குறிப்பெடுத்து, ஒப்பிட்டு, முடிவுகளைப் பிற மருத்துவர்களுடன் பகிர்ந்து கொள்பவர்களால்தான் அத்துறை வளர்ந்தது. நூலகத் துறைக்கும் இது பொருந்தும். எந்த நூல் படிக்கப்படுகிறது, எது படிக்கப்படவில்லை, எந்த வாசகர் வெறுங்கையோடு திரும்பிச் செல்கிறார், ஏன் திரும்புகிறார் என்ற கேள்விகளுக்கு விடை காணக்கூடிய இடத்தில் இருப்பவர் நூலகர் ஒருவரே. அவர் ஆராயாவிட்டால் வேறு யாரும் ஆராயப் போவதில்லை.

நம் நாட்டின் முன்னோடி

இந்திய நூலகத் துறையே ஓர் ஆராய்ச்சியாளரின் கேள்வியிலிருந்துதான் புது வளர்ச்சி பெற்றது. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித விரிவுரையாளராகப் பணியாற்றியவர். 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், அதே ஆண்டில் பயிற்சிக்காக இலண்டன் சென்றார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்வையிட்டார். ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு வழியில் இயங்குவதையும், பழக்கத்தினாலேயே பல வேலைகள் நடைபெறுவதையும், அவற்றுக்கு அடிப்படையான கோட்பாடு இல்லாமையையும் கண்டார்.

அக்காலப் பகுப்பு முறைகள் அறிவுத் துறைகள் அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி வைத்திருந்தன. பட்டியலில் இல்லாத புதிய பொருளில் ஒரு நூல் வெளிவந்தால் அதற்கு இடம் கிடைப்பது அரிது. இலண்டனில் ஒரு கடையில் அரங்கநாதன் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில உலோகத் துண்டுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றி இணைத்து விதவிதமான பொம்மைகளை அதில் செய்யலாம். நூலின் பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்து எண் அமைக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. நெல், அதைத் தாக்கும் நோய், நோய்த் தடுப்பு, இந்தியா, இருபதாம் நூற்றாண்டு என்று தனித்தனிக் கூறுகளுக்குக் குறியீடுகள் இருந்தால், இவை அனைத்தும் சேர்ந்த ஒரு நூலுக்கு அந்தக் குறியீடுகளைக் கோத்தே எண் கொடுத்துவிடலாம். அந்த எண்ணம் பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1933இல் 'கோலன் பகுப்பு முறை' என்னும் நூலாக வெளிவந்தது.

ஆய்வுக் கூடத்தில் தனித்து அமர்ந்து அவர் இதைச் செய்யவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக் கழக நூலகத்தின் அன்றாட வேலைகளுக்கிடையே, அந்நூலகத்து நூல்களை அடுக்கிப் பார்த்துப் பார்த்தே தம் முறையைச் செம்மைப்படுத்தினார். பருவ இதழ்களைப் பதிவு செய்வதற்கு அவர் வகுத்த மூன்று அட்டை முறையும் இத்தகையதே. வரவேண்டிய இதழ் வராமற் போவது எல்லா நூலகங்களிலும் உள்ள தொல்லை. எந்த இதழ் எந்த வாரத்தில் வரவேண்டும் என்ற வரிசையில் ஓர் அட்டைத் தொகுதியை அமைத்துவிட்டால், வராத இதழ் தானே தெரிந்துவிடும். உடனே நினைவூட்டுக் கடிதம் எழுதலாம். சிறிய தொல்லையைக் கூர்ந்து நோக்கியதால் கிடைத்த எளிய தீர்வு அது.

1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளை நூலகர்கள் அனைவரும் தேர்வுக்காகப் படித்திருக்கிறார்கள். அவற்றை விடைகளாக மட்டும் கொள்ளாமல் வினாக்களாகவும் கொண்டால் அவை ஆராய்ச்சியின் ஊற்றுக்கண்களாகும். நூல்கள் பயன்படுவதற்காக உள்ளன என்றால், நம் நூலகத்தில் பயன்படாமல் கிடப்பவை எத்தனை? ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் உண்டு என்றால், நம் ஊரில் நூலகத்திற்கே வராதவர்கள் யார்? ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்றால், அவரிடம் அந்நூலைக் கொண்டு சேர்ப்பதில் நாம் எங்கே தவறுகிறோம்? வாசகரின் நேரம் மிச்சப்பட வேண்டும் என்றால், ஒரு நூலைத் தேடி எடுக்க அவருக்கு எத்தனை நிமிடங்கள் ஆகின்றன? நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்றால், இன்னும் பத்தாண்டுகளில் எவ்வளவு இடம் தேவைப்படும்?

நிறுவனங்களின் வளர்ச்சி

நூலக ஆராய்ச்சிக்கான அமைப்புகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. இந்திய நூலகச் சங்கம் 1933இல் தோன்றியது. இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் 1952இல் நிறுவப் பெற்று, 1954 முதல் நூலக அறிவியலுக்கென ஓர் ஆய்விதழை வெளியிடத் தொடங்கியது. தில்லிப் பல்கலைக் கழகம் 1957இல் இத்துறையில் நாட்டின் முதல் முனைவர் பட்டத்தை வழங்கியது. அரங்கநாதனின் வழிகாட்டுதலில் வேளாண்மை நூற்பகுப்புப் பற்றி டி. பி. கிருஷ்ணராவ் செய்த ஆய்வு அது. 1962இல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஓர் அங்கமாக ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையம் நிறுவப் பெற்றது. புள்ளியியல் நிறுவனத்தின் நிழலில் நூலக ஆராய்ச்சி வளர்ந்தது பொருத்தமே. நூலகப் பணிகளுக்கும் புள்ளியியல் முறைகளைக் கையாள வேண்டும் என்று 1948இலேயே இங்கிலாந்தில் நடைபெற்ற மாநாடொன்றில் அரங்கநாதன் கூறி, அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரும் சூட்டியிருந்தார்.

இன்று பல பல்கலைக் கழகங்களில் நூலக அறிவியல் துறைகள் உள்ளன. முனைவர் பட்டம் பெற்றோர் தொகையும் பெருகியிருக்கிறது. 2018இல் வெளியான பல்கலைக் கழக மானியக் குழுவின் விதிமுறைகள் பல்கலைக் கழக நூலகர் பதவிக்கு முனைவர் பட்டத்தைத் தகுதியாக வைத்துள்ளன. பணியில் இருந்துகொண்டே பகுதி நேரமாக ஆய்வு செய்ய 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ஆராய்ச்சி என்பது பட்டம் பெறுவதற்கான ஒரு சடங்கு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பட்டம் கிடைத்ததும் ஆய்வேடு அலமாரிக்குள் போய்விடுகிறது. மறுபுறம், மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் நாள்தோறும் வாசகர்களைச் சந்திக்கும் நூலகர், ஆராய்ச்சிக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கி நிற்கிறார். பிரச்சினையை அறிந்தவரிடம் ஆய்வு முறை இல்லை. ஆய்வு முறை அறிந்தவரிடம் பிரச்சினை இல்லை. இவ்விருவரையும் இணைப்பதே இன்றைய தேவை.

ஆராயாமையின் விலை

ஆராய்ச்சி இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக் கழக நூலகத்தைப் பற்றிய ஓர் ஆய்வு 1979இல் வெளிவந்தது. அந்நூலகம் ஓராண்டில் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, முதல் ஆறு ஆண்டுகளில் ஒரு தடவைகூட இரவல் போகவில்லை என்று அது காட்டியது. தேர்ந்த பேராசிரியர்களும் பயிற்சி பெற்ற நூலகர்களும் தேர்ந்தெடுத்த நூல்களின் கதி இது. ஆய்வு முடிவைப் பற்றிக் கடும் விவாதம் எழுந்தது. ஆனால் கணக்கெடுத்ததனால்தான் விவாதிக்கவாவது முடிந்தது.

நம் பொது நூலகங்கள் மக்களின் வரிப்பணத்தில் இயங்குபவை. 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வகை செய்தது. அச்சட்டம் நாட்டில் பிற மாநிலங்களுக்கும் வழிகாட்டியாயிற்று. வீட்டு உரிமையாளர் செலுத்தும் வரியில் ஒரு பகுதி நூலாக மாறி அலமாரியில் அமர்கிறது. அந்நூல் எவராலும் தொடப்படாமல் அங்கேயே இருந்தால், அவ்வளவு பணமும் முடங்கிய பணமே. அதே வேளையில், போட்டித் தேர்வுக்குரிய நூலைக் கேட்டு வந்த ஏழை மாணவன் இல்லை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போகிறான். அவன் கேட்டதும் பதிவாகவில்லை, திரும்பியதும் பதிவாகவில்லை. மறு ஆண்டும் நூல்கள் பழைய வழியிலேயே வாங்கப்படுகின்றன. இந்த இழப்பு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இடம் பெறுவதில்லை.

கல்வி நிறுவனங்களிலும் இப்பிரச்சினை பெரிதாகி வருகிறது. நாடு முழுவதுமுள்ள அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை ஒரே சந்தாவில் வழங்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தில் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அடங்கும். எந்தக் கல்லூரியில் எந்த இதழ் படிக்கப்படுகிறது, படிக்கப்படாவிட்டால் காரணம் ஆர்வமின்மையா, ஆங்கிலமா, வழி தெரியாமையா என்பதை ஆராய்ந்து கூற நூலகர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

எளிய ஆய்வு ஒன்று

ஆராய்ச்சி என்றதும் பெருந்தொகையும் பெரிய கருவிகளும் வேண்டும் என்று அஞ்ச வேண்டியதில்லை. உதாரணமாக, 40,000 நூல்கள் கொண்ட ஒரு மாவட்ட நூலகத்தை எடுத்துக் கொள்வோம். அவற்றில் எத்தனை நூல்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் இரவல் போகவில்லை என்று அறிய விரும்புகிறோம். எல்லா நூல்களையும் புரட்டிப் பார்க்க வேண்டுவதில்லை. நூல் சேர்க்கைப் பதிவேட்டில் 1 முதல் 100 வரையுள்ள எண்களுள் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அதிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நூறாவது நூலையும் குறித்துக் கொண்டால் 400 நூல்கள் கிடைக்கும். அவற்றின் தவணைத் தேதிச் சீட்டுகளைப் பார்த்தால் போதும். கணினியில் வழங்கு பதிவு இருக்குமானால் வேலை இன்னும் எளிது.

அந்த 400 நூல்களில் 160 நூல்கள் இரவல் போகவில்லை என்று வைத்துக் கொள்வோம். இது 40 விழுக்காடு. இந்த அளவுள்ள மாதிரியில் ஏறத்தாழ 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது புள்ளியியல் கணக்கு. ஆகவே பயன்படாத நூல்கள் 14,000 முதல் 18,000 வரை இருக்கலாம் என்று துணிந்து கூறலாம். ஒருவர் சில நாட்கள் உழைத்தால் கிடைக்கக்கூடிய முடிவு இது.

இத்துடன் நின்றுவிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். இரவல் போகாத நூல் படிக்கப்படாத நூல் ஆகாது. அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் இரவல் தரப்படுவதே இல்லை. வேறு பல நூல்களும் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டு, மேசையில் படிக்கப்பட்டு, அங்கேயே விடப்படுகின்றன. எனவே மாதத்தில் ஒரு வாரம், படித்த நூல்களை மேசையிலேயே வைத்துவிட்டுச் செல்லுமாறு வாசகர்களைக் கேட்டுக் கொண்டு, அவற்றை அடுக்குமுன் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். தேர்வுக் காலத்தில் கணக்கு ஒருவாறும் விடுமுறையில் வேறொருவாறும் இருக்கும். ஆகையால் ஓராண்டு முழுவதும் இதைச் செய்வது நலம்.

அடுத்து, பயன்படாத நூல்களை அவை வந்த வழிப்படி பிரித்துப் பார்க்கலாம். மொத்தமாக வாங்கியவை எத்தனை, நன்கொடையாக வந்தவை எத்தனை, வாசகர் கேட்டு வாங்கியவை எத்தனை? மூன்றாம் வகையில் முடங்கியவை குறைவாக இருக்குமானால் நூல் தேர்வில் வாசகருக்கு மேலும் இடம் தர வேண்டும் என்பதற்கு அது சான்றாகும். ஆனால் ஒரு வகையில் 40 நூல்களே மாதிரியில் இருந்தால் பிழை வரம்பு 15 விழுக்காடு வரை போகும். அத்தகைய ஒப்பீட்டிற்குப் பெரிய மாதிரி தேவை. இந்த எச்சரிக்கையைக் கற்றுக் கொள்வதே ஆராய்ச்சிப் பயிற்சியின் முதற் பாடம்.

வாசகர் கருத்தறியும் வினாப் பட்டியல்களிலும் இதே எச்சரிக்கை தேவை. நூலகத்துக்கு வந்தவரிடம் சேவை திருப்தியாக உள்ளதா என்று கேட்டால், பெரும்பாலோர் ஆம் என்றே கூறுவர். திருப்தியில்லாதவர்கள் முன்பே வருவதை நிறுத்தியிருப்பார்கள். வேலை முடிந்து வருவதற்குள் நூலகம் மூடப்படுவதால் வராத தொழிலாளியையும், படிக்கட்டு ஏற முடியாததால் வராத முதியவரையும், தனியே உட்கார இடமில்லாததால் வராத பெண்ணையும் அவர்கள் இருக்கும் இடத்திற்குச் சென்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

ஆராயத்தக்க துறைகள்

நூலகர் ஒருவரின் ஆய்வு உலகளாவிய பயன் தருவதும் உண்டு. இலண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் பணியாற்றிய பிராட்போர்டு, ஒரு பொருள் பற்றிய கட்டுரைகள் எந்தெந்த இதழ்களில் சிதறிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குக் கட்டுரைகள் ஒரு சில இதழ்களிலேயே குவிந்திருப்பதையும், அடுத்த ஒரு பங்கைப் பெறப் பல மடங்கு இதழ்கள் தேவைப்படுவதையும் 1934இல் எடுத்துக் காட்டினார். குறைந்த பணத்தில் இதழ் வாங்கும் நூலகங்கள் அனைத்திற்கும் அது வழிகாட்டியது.

நம் நாட்டிற்கே உரிய பிரச்சினைகள் ஏராளம். தமிழரின் பெயரில் தந்தையின் முதலெழுத்து முன்னே நிற்கிறது. வங்காளியரின் பெயரில் குடும்பப் பெயர் பின்னே வருகிறது. இவற்றை ஒரே நூற்பட்டியலில் எவ்வாறு வரிசைப்படுத்துவது? இந்திய மொழி நூல்களைக் கணினியில் தேடும் வாசகர் எந்தச் சொல்லை, எந்த எழுத்துக் கூட்டலில் இடுகிறார்? ஓலைச் சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க மரபு வழி எண்ணெய்ப் பூச்சு எவ்வளவு காலம் உதவுகிறது? அச்சு நூலையும் மின்னூலையும் ஒரே மாணவர் எப்போது எதற்காகப் பயன்படுத்துகிறார்? பார்வையற்றோருக்கு நூலகம் என்ன செய்கிறது? வேறு நாட்டு நூலைப் படித்து இவற்றுக்கு விடை காண முடியாது. தில்லிப் பொது நூலகம் யுனெஸ்கோ உதவியுடன் 1951இல் தொடங்கப்பட்டபோது அதன் பணியை மதிப்பிட்டு ஓர் அறிக்கையும் 1957இல் வெளியிடப்பட்டது. புதிய நூலகம் திறக்கும்போதே அதை மதிப்பிடும் ஏற்பாட்டையும் செய்துவிடும் இந்த நல்ல மரபு தொடர்ந்திருக்க வேண்டும்.

ஊக்குவிக்கும் வழிகள்

ஆராய்ச்சி செய்யுங்கள் என்று நூலகருக்கு அறிவுரை கூறுவது எளிது. ஒருவரே நூலகராகவும் எழுத்தராகவும் உதவியாளராகவும் இருக்கும் இடத்தில் அவர் எப்போது ஆராய்வார்? எனவே நிர்வாகமும் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, நேரம் ஒதுக்க வேண்டும். வாரத்தில் அரை நாளாவது மாற்று ஆள் தந்து நூலகரை ஆய்வு வேலைக்கு விடுவித்தால், ஓராண்டில் ஒரு சிறு ஆய்வை முடித்துவிடலாம்.

இரண்டாவதாக, பயிற்சி வேண்டும். மாதிரி எடுத்தல், வினாப் பட்டியல் தயாரித்தல், கணக்கிடுதல், அறிக்கை எழுதுதல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளை மாவட்ட அளவில் நடத்தலாம். அருகிலுள்ள பல்கலைக் கழக நூலக அறிவியல் துறை வழிகாட்டியாக அமையலாம். இதனால் துறையினருக்கு உண்மையான பிரச்சினைகளும், நூலகருக்கு ஆய்வு முறையும் கிடைக்கும்.

மூன்றாவதாக, சிறு நிதியுதவி வேண்டும். படிவங்களை அச்சிடவும் பயணம் செய்யவும் ஆகும் செலவை நூலகர் தம் கைப்பணத்திலிருந்து செய்ய நேரக் கூடாது. 1972இல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக நிறுவனம் போன்ற தேசிய அமைப்புகளும் மாநில நூலகத் துறைகளும் இதில் முன்வரலாம்.

நான்காவதாக, முடிவுகள் வெளிவர வேண்டும், அதுவும் இந்திய மொழிகளில் வெளிவர வேண்டும். ஆங்கில ஆய்விதழில் மட்டும் வெளியாகும் முடிவு ஊர்ப்புற நூலகரை எட்டுவதில்லை. எதிர்பார்த்த பலன் தராத முயற்சிகளையும் வெளியிட வேண்டும். அதே பிழையை வேறொருவர் செய்யாமல் அது காக்கும்.

ஐந்தாவதாக, ஆய்வின் முடிவுகளுக்கு நிர்வாகம் மதிப்பளிக்க வேண்டும். மாலை நேரத்தை நீட்டித்தால் வாசகர் கூடுவர் என்று நூலகர் சான்றுகளோடு காட்டிய பின்னும் நேரம் மாறாவிட்டால், அடுத்த ஆய்வுக்கு அவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? பதவி உயர்விலும் இத்தகைய பணி கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

நூலகர்களும் ஒரு நெறியைக் கடைப்பிடிக்க வேண்டும். எந்த வாசகர் எந்த நூலைப் படித்தார் என்பது அவருடைய சொந்த விஷயம். ஆய்வில் எண்ணிக்கை வரலாம், பெயர் வரக் கூடாது. இந்த நம்பிக்கை குலைந்தால் வாசகர்கள் குறைவார்கள்; ஆராய்வதற்கும் ஒன்றும் இராது.

முடிவுரை

பெரிய திட்டங்களுக்காகக் காத்திராமல் நூலகர் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. வழங்கு மேசையில் ஒரு குறிப்பேட்டை வைத்து, வாசகர் கேட்டு இல்லை என்று சொல்ல நேர்ந்த ஒவ்வொரு நூலையும், கேட்ட தேதியையும் அதில் எழுதி வரலாம். அந்நூல் நூலகத்தில் இல்லையா, இரவலில் உள்ளதா, அலமாரியில் இருந்தும் அகப்படவில்லையா என்பதையும் குறிக்கலாம். முதலாவது, நூல் தேர்வின் குறை. இரண்டாவது, படிகளின் பற்றாக்குறை. மூன்றாவது, அடுக்குவதிலுள்ள குறை. மூன்று மாதக் குறிப்புகளை எண்ணிப் பார்த்தால் எந்தக் குறையை முதலில் தீர்க்க வேண்டும் என்பது புலப்படும். அக்குறையைத் தீர்த்துவிட்டு மீண்டும் மூன்று மாதம் எழுதினால், தீர்வு பலித்ததா என்பதும் தெரிந்துவிடும்.

அரசு எத்தனை நூலகக் கட்டடங்களை எழுப்பினாலும், எத்தனை கோடி நூல்களை வாங்கினாலும், அவை உரியவரைச் சென்றடைகின்றனவா என்பதை அறியும் கண் நூலகரிடமே உள்ளது. அந்தக் கண்ணைத் திறந்து வைப்பதே ஆராய்ச்சி. அதற்கு வேண்டிய நேரத்தையும் பயிற்சியையும் மதிப்பையும் அவருக்கு அளிப்பது, நூலக வரி செலுத்தும் மக்களுக்கு நிர்வாகம் ஆற்ற வேண்டிய கடமையாகும்.